போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி

சந்திப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பன் போன் செய்தபோது, "விடுதி மெஸ் பத்தி எழுதட்டுமாடா?" என்றுதான் முதலில் கேட்டேன். "அதை எல்லாரும் எழுதியாச்சு மாப்ளே. நீ பார்க்கிற வேலையப் பத்தி எழுது. இப்போ படிக்கிற பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டான். ஆகவே சாம்பாரை விட்டுவிட்டு, செயற்கைக்கோளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தகவல் தொடர்புப் பிரிவில் படித்து வெளியே வந்தவன். பத்தாண்டுகளுக்கு மேலாக என் வேலை ஒன்றுதான். வசதி குறைந்த வெளிநாட்டு ஊர்களில் வேலை செய்யும் நர்சுகளுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இங்கிருந்து டாக்டர்கள் பாடம் நடத்துவார்கள். அந்தப் பாடம் போய்ச் சேரும் பாதையைப் போட்டுக் கொடுத்து, அது அறுந்து போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சேலம், நாமக்கல் வெயிலில் வளர்ந்தவனுக்கும் ஆப்பிரிக்க நர்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு என் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

அம்மாவின் நோட்டு

என் அம்மா கிராம சுகாதார செவிலியர். ஊரில் எல்லோருக்கும் "நர்சம்மா". சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் கணக்கு. சமவெளிதானே, சுலபமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒரு குடிசை, தறிக்குழியோடு ஒரு வீடு, கோழிப்பண்ணையை ஒட்டி இரண்டு வீடு என்று அந்த 5,000 பேரும் சிதறித்தான் இருப்பார்கள். தோளில் தடுப்பூசிப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு அம்மா அத்தனை வீட்டு வாசலையும் மிதிப்பார்.

மாதம் ஒரு முறை அவர்களுக்குக் கூட்டமும் பயிற்சியும் உண்டு. அதற்கு முதல் நாள் இரவே, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்துக்கொள்வார். நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்து (1997) இரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் அந்த நோட்டைப் புரட்டினேன். முன்பக்கமெல்லாம் நெருக்கி நெருக்கி எழுதிய குறிப்புகள். கடைசிப் பக்கத்தில் ஏழு கேள்விகள். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

"ஏம்மா, இதையெல்லாம் கேக்கலையா?"

"எங்க கண்ணு... பேசறவங்க பேசி முடிச்சாங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிப் போச்சு."

அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நம் கல்லூரிக்கு வந்த பிறகுதான் அந்த நோட்டு மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது.

வகுப்பில் சொன்ன பாடம்

மூன்றாம் ஆண்டில் தொலைபேசித் தொழில்நுட்பம் நடத்திய எங்கள் சார், கரும்பலகையில் இரண்டு கோடுகள் போட்டார். வீட்டுப் போனுக்கு வருவது ஒரே ஜோடிக் கம்பிதான். ஆனால் தொலைதூர இணைப்பில் பேச்சு போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று தனித்தனிப் பாதை உண்டு. இரண்டும் சேருகிற இடத்தில் சமன்பாடு சரியாக இல்லாவிட்டால் நம் குரல் நமக்கே எதிரொலியாகத் திரும்பி வரும். இதை விளக்கிவிட்டு அவர் சொன்னார்: "வர்ற பாதை செத்துப்போச்சுன்னா உன் கையில இருக்கிறது போன் இல்லடா, ரேடியோ!"

வகுப்பே சிரித்தது. தூரத்திலிருந்து பயிற்சி கொடுக்கும் தொழிலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த ஒரு வரியே அதன் சுருக்கம் என்று எனக்குத் தோன்றியது.

கோழிவலை ஆண்டெனா

நம் நாட்டில் இதன் பெரிய தொடக்கம் 1975. அமெரிக்காவின் நாசா, ஏ.டி.எஸ்.-6 என்ற தன் செயற்கைக்கோளை ஓராண்டுக்கு நமக்குப் பயன்படுத்தக் கொடுத்தது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி போனது. 'சைட்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். ஆந்திராவும் கர்நாடகமும் அதில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. ஆண்டெனா எதில் செய்தார்கள் தெரியுமா? கோழிக்கூண்டுக்குப் போடுகிற கம்பி வலையில்! நாமக்கல்காரர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

விவசாயம், உடல்நலம், குடும்பநலம் எல்லாம் அந்தத் திரையில் வந்தன. கிராமத்தார் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தக் காலத்துக்கு அது மாபெரும் சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அது போகிற கம்பி மட்டும்தான். பார்த்தவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க வழி கிடையாது.

வானத்தில் ஒரு தபால்காரர்

வருகிற கம்பியைப் பற்றி முதலில் யோசித்தவர்களில் ஒருவர் ஓர் இதய மருத்துவர். அமெரிக்காவின் பெர்னார்ட் லவுன். அவர் இணைந்து தொடங்கிய, அணு ஆயுதத்துக்கு எதிரான மருத்துவர்கள் அமைப்புக்கு 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் அவர் 'சாடல்லைஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். போன் வசதிகூட இல்லாத ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்கு மருத்துவச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவர்கள் பிடித்த வழி பொறியாளர்கள் ரசிக்க வேண்டிய ஒன்று. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தார் செய்த யூ.ஓ.சாட்-3 என்ற சிறிய செயற்கைக்கோள் 1990-ல் மேலே போனது. அதைத் தொடர்ந்து 1993-ல் 'ஹெல்த்சாட்-2' போனது. இவை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவை அல்ல. சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில், நூறு நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று பூமியைச் சுற்றுபவை. ஓர் ஊருக்கு மேலே வருகிற சில நிமிடங்களில் அங்குள்ள கணிப்பொறி தன் கடிதத்தை மேலே அனுப்பிவிட வேண்டும். செயற்கைக்கோள் அதை வைத்துக்கொண்டு சுற்றிப் போய், வேறு ஊருக்கு மேலே வரும்போது கீழே போட்டுவிடும். சைக்கிளில் வந்து போகும் தபால்காரர் போலத்தான்! படம் கிடையாது, குரல் கிடையாது, வெறும் எழுத்து. ஆனால் ஆப்பிரிக்காவின் ஒரு மூலையில் இருக்கும் மருத்துவர் கேள்வி கேட்கலாம், பதிலும் வரும். ஒரு நாள் கழித்து வந்தாலும் வருகிற பாதை உயிரோடு இருந்தது.

நர்சுகள் பக்கம் வந்தால், கென்யாவைச் சொல்ல வேண்டும். 1957-ல் பறக்கும் மருத்துவர்களாகத் தொடங்கிய 'ஆம்ரெஃப்' என்ற ஆப்பிரிக்கத் தொண்டு நிறுவனம், அந்நாட்டு நர்சிங் கவுன்சிலோடு சேர்ந்து 2005-ல் ஒரு மின்வழிப் படிப்பைத் தொடங்கியது. வேலையில் இருக்கும் 20,000-க்கும் மேற்பட்ட நர்சுகளை அடுத்த தகுதி நிலைக்கு உயர்த்துவது இலக்கு. எல்லோரையும் நகரத்துக் கல்லூரிக்கு அழைத்தால் கிராம ஆஸ்பத்திரிகளைப் பூட்ட வேண்டியதுதான். அதனால் அவரவர் ஊருக்குப் பக்கத்திலேயே கணிப்பொறி மையம் வைத்தார்கள். வேலையும் நடந்தது, படிப்பும் நடந்தது.

கலாம் அய்யாவின் வலை

நம் நாட்டுக்குள் 2000 மார்ச்சில், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில், அப்போலோவின் தொலைமருத்துவ மையத்தை அமெரிக்க அதிபர் கிளின்டன் தொடங்கி வைத்தார். நம் ஊரிலிருந்து பார்த்தால் அது பக்கத்து ஊர் மாதிரி. அடுத்த ஆண்டுகளில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகப் பல மருத்துவமனைகள் இணைந்தன.

2004 செப்டம்பரில், குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் தென்னாப்பிரிக்காவில் பான் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். ஆப்பிரிக்க நாடுகள் எல்லாவற்றையும் செயற்கைக்கோளாலும் கண்ணாடி இழையாலும் இணைத்து, இந்தியாவின் கல்வியையும் மருத்துவத்தையும் கொண்டு போகலாம் என்று அங்கே முன்மொழிந்தார். ராமேஸ்வரத்தில் பிறந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர் போட்ட வரைபடம் அது.

முதலில் எத்தியோப்பியாவில் சோதனை. தலைநகர் அடிஸ் அபாபாவில் உள்ள பிளாக் லயன் மருத்துவமனையும் நெக்கெம்தே என்ற ஊர் மருத்துவமனையும் ஐதராபாத் கேர் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டன. 2007 ஜூலையில் மத்திய அமைச்சரவை முழுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 543 கோடி ரூபாய். பொதுத்துறை நிறுவனமான டி.சி.ஐ.எல். அதைக் கட்டியது. 2009 பிப்ரவரி 26 அன்று 11 நாடுகளோடு தொடங்கி, 2010 ஆகஸ்டில் இன்னும் 12 நாடுகள் சேர்ந்து, கடைசியில் 48 நாடுகள் வரை விரிந்தது.

பாதை எப்படி என்று மாணவர்கள் கேட்பீர்கள். டில்லியிலிருந்து கடலடிக் கம்பி வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் டாக்கர் நகரம், அங்கே தரை நிலையம். அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒவ்வொரு நாட்டு மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும். நம் பக்கம் 12 உயர்சிறப்பு மருத்துவமனைகள், சென்னையின் இரண்டும் அதில் சேர்த்தி. பட்டப்படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும் இருந்தது. நாட்டுக்குள் வயரிங் வேலை செய்த நம் சீனியர் பேட்ச் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திட்டம் 2017-ல் முடிந்தது. அதன் கணக்கைப் பார்த்தபோது ஒரு விஷயம் என்னை உறுத்தியது. மருத்துவர்களும் நர்சுகளும் கேட்ட சொற்பொழிவுகள் ஆயிரக்கணக்கில் நடந்திருந்தன. ஆனால் "இதோ என் நோயாளி, என்ன செய்யட்டும்?" என்று அவர்கள் கேட்டுப் பெற்ற ஆலோசனைகள் நூற்றுக்கணக்கில்தான். இருவழிப் பாதையைக் கட்டிவிட்டு, பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வண்டி ஓட்டியிருக்கிறோம். காரணங்களில் சில மிகச் சாதாரணமானவை. நமக்குப் பிற்பகல் மூன்று மணி என்றால் டாக்கரில் காலை ஒன்பதரை. வார்டில் தலைக்கு மேல் வேலை இருக்கும் நேரம். பிரெஞ்சு பேசும் நாடுகளுக்கு ஆங்கிலப் பாடம். கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத நர்சுக்கு முன்னால் பெரிய திரையில் பெரிய டாக்டர்.

நான் அடைத்த கம்பி

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2014-ல் நான் வேறொரு சிறிய பயிற்சித் திட்டத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்ட மருத்துவமனை நர்சுகளுக்கு, பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு பற்றி வகுப்பு. அந்தப் பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தம் அவர்கள் மைக்கிலேயே புகுந்து, பாடம் நடத்திய டாக்டருக்கு எதிரொலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "தம்பி, இதை நிறுத்துங்க, பேசவே முடியலை" என்றார். நான் அந்தப் பக்கத்து ஒலியை அடைத்துவிட்டேன். கேள்வி இருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று ஒரு வரி போட்டேன். அதைப் பார்க்க ஆள் போடவில்லை. வகுப்பு ஒரு மணி நேரம் தெளிவாக நடந்தது. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டோம்.

மறுநாள் அந்தப் பக்கத்துப் பதிவைப் போட்டுக் கேட்டேன். ஒரு நர்ஸ் மூன்று முறை கேட்டிருக்கிறார். "ஆக்சிடோசின் ஊசியைக் குளிரில் வைக்கச் சொல்கிறீர்கள். எங்கள் பெட்டிக்கு இரவில் மின்சாரம் இல்லை. அந்த மருந்துக்கு வீரியம் இருக்குமா? இல்லையென்றால் என்ன கொடுப்பது?" மூன்றாவது முறை கேட்டுவிட்டு, பதில் வராமல், உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. சூடு பட்டால் வீரியம் குறையும். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாய்க்கு அதுதான் முதல் மருந்து. ஊசியின் தரம் நிச்சயமில்லாத இடத்தில், குளிர் தேவைப்படாத மிசோப்ரோஸ்டால் மாத்திரை இருக்கிறது. டாக்டருக்கு இது அரை நிமிடப் பதில். அந்தப் பதில் அவரிடம் போய்ச் சேரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் அங்கே எத்தனை பிரசவம் நடந்ததோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்காச்சும் கரண்ட் போனா மருந்தை ஐஸ் பெட்டியில எடுத்துட்டுப் போக வண்டி கெடைக்கும், பெரிய டாக்டருகிட்ட ஓடிப் போய்க் கேட்டுக்குவேன். அந்தப் புள்ளைக்கு உங்க கம்பி ஒண்ணுதான கண்ணு இருந்துச்சு?" என்றார்.

கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவது

அதன் பிறகுதான் வேறு முறைகளைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற இந்திய வம்சாவளி மருத்துவர், 2003-ல் 'ப்ராஜெக்ட் எக்கோ' என்ற முறையைத் தொடங்கியிருந்தார். ஹெபடைடிஸ்-சி என்ற கல்லீரல் நோய்க்குத் தன்னிடம் வர நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்து, ஊர் ஊராக இருக்கும் சாதாரண மருத்துவர்களையும் நர்சுகளையும் வாரம் ஒரு முறை திரையில் ஒன்றுசேர்த்தார். அங்கே வகுப்பு சொற்பொழிவில் தொடங்குவதில்லை. ஊரில் இருப்பவர் தன் நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டும். அதிலிருந்துதான் பாடம். 2011-ல் வெளியான ஆய்வில், அந்த ஊர் மருத்துவர்கள் கொடுத்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக மருத்துவமனையின் பலனுக்குச் சமமாக இருந்தது. இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் இந்த முறை நடக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், நோட்டின் கடைசிப் பக்கத்தை முதல் பக்கமாக்குவது. அவ்வளவுதான்.

இப்போது நான் போடும் ஒவ்வொரு இணைப்புக்கும் சில விதிகளை வைத்திருக்கிறேன். முதலில் கேட்பது, "அவர்கள் ஊரில் அப்போது மணி என்ன?" பாதி நேரம் அவர்கள் பேசுவதற்கு. எதிரொலியை ஒழிக்கும் மைக் வாங்காமல் வகுப்பு இல்லை, பெரிய திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் கேள்விகளைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் பாடம் செல்போனில் பதிவாகப் போய்ச் சேர வேண்டும். இதில் எதுவும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் திட்ட மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது இவைதான்.

செய்ய வேண்டியது இன்னும் மலையளவு இருக்கிறது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம், 2030-க்குள் உலகில் 1.8 கோடி சுகாதாரப் பணியாளர்கள் குறைவாக இருப்பார்கள் என்று கணித்தது. அந்தக் கணக்கு பின்னர் ஒரு கோடி அளவுக்கு இறங்கினாலும், பற்றாக்குறையின் பெரும்பங்கு ஏழை நாடுகளில்தான். 2019 அக்டோபரில் நம் அரசு ஆப்பிரிக்க வலையின் அடுத்த கட்டத்தை இ-வித்யாபாரதி, இ-ஆரோக்யபாரதி என்று இணைய வழியில் தொடங்கியது. ஆண்டுக்கு 1,000 ஆப்பிரிக்க மருத்துவர்கள், நர்சுகள், துணைப் பணியாளர்களுக்கு இலவசத் தொடர்கல்வி என்று அறிவித்தது. அடுத்த சில மாதத்தில் கொரோனா வந்து, உலகமே திரைக்கு முன்னால் உட்கார்ந்தது. 2020 ஏப்ரலில் நம் நாட்டு முன்களப் பணியாளர்களுக்கும் 'ஐ-காட் தீக்ஷா' என்று இணையப் பயிற்சி வந்தது. அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் செல்போனில் பாடம் படித்ததை நானே பார்த்தேன்.

தம்பி தங்கைகளே, ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் தேடிக்கொண்டிருப்பவர்கள், வேகமாகப் படம் அனுப்பும் வழியைப் பலர் பார்த்துக்கொள்வார்கள். இணைப்பு மோசமான ஊரிலிருந்து ஒரு நர்சின் கேள்வி, அவர் பேசும் மொழியில், அரை நிமிடக் குரலாக, தொலையாமல் வந்து சேருவதற்கு ஒரு வழி செய்யுங்கள். இன்னும் சரியாகத் தீராத வேலை அது. சோதனை செய்து பார்க்க ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம், கொல்லிமலை போதும்.

சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் எங்கள் துறைக் கட்டிடத்தில்தான் இருப்பேன். நான் சொற்பொழிவு எதுவும் தயார் செய்யவில்லை. உங்கள் கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் நானே வண்டியில் கொண்டு வந்து விடுகிறேன்.